அடாஜியோவுக்கு எண் உண்டா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

நீங்கள் எழுதியதைப் படித்துத்தான் பீத்தோவனின் ஸ்ட்ரிங் குவார்ட்டெட்டுகளை (இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ என நால்வர் வாசிப்பவை) கேட்கத் தொடங்கினேன். ஒவ்வொரு பகுதியின் தலைப்பிலும் வரும் இத்தாலியச் சொற்கள்தான் பிடிபடவில்லை. இணையத்தில் கிடைத்த ஒரு பட்டியலை மனப்பாடம் செய்தேன். அடாஜியோ (மெதுவாக) என்றால் நிமிடத்துக்கு 66 முதல் 76 தட்டு என்கிறது அது. ஆனால் ஒரே அடாஜியோவை இரண்டு குழுவினர் இரண்டு வேகத்தில் வாசிக்கிறார்கள். யார் வாசிப்பது சரி? இந்தச் சொற்கள் தெரியாமல் கேட்பதால் எனக்கு ஏதாவது தவறிப்போகிறதா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

முதலில் அந்தப் பட்டியலைத் தூக்கிப் போடுங்கள். அப்படிப்பட்ட எண்கள், நிமிடத்துக்கு இத்தனை என்று தட்டிக்காட்டும் மெட்ரோனோம் கருவியோடு வந்தவை. மெல்ட்செல் என்பவர் அதற்குக் காப்புரிமை வாங்கியது 1815இல். மொஸார்ட் 1791இலும் ஹெய்டன் 1809இலும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அவர்கள் எழுதிய அடாஜியோவை அந்த எண்களால் அளப்பதில் பொருளில்லை.

பீத்தோவன் மெட்ரோனோமை ஆசையாக வரவேற்றவர். 1817இல் மோசெல் என்பவருக்கு எழுதிய கடிதத்தில், அல்லெக்ரோ (விரைவாக), அடாஜியோ போன்ற வேகச் சொற்களை விட்டுவிடலாம் என்றே சொல்கிறார். ஆனால் உணர்ச்சியைச் சொல்லும் சொற்களை விடமுடியாது என்கிறார். வேகம் உடல் என்றால் அவை உயிரைத் தொடுபவை என்பது அவர் வாதம். உங்கள் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை. தலைப்பில் முதல் சொல்லோடு நின்றுவிடாதீர்கள், அதன் பின்னால் ஒட்டிவரும் சொல்லைப் பாருங்கள்.

‘மெஸ்தோ’வை எடுத்துக்கொள்வோம். துயரம் தோய்ந்து வாசி என்ற குறிப்பு. பீத்தோவனின் ஓபஸ் (படைப்பு எண்) 59, முதல் குவார்ட்டெட்டின் மூன்றாம் பகுதி ‘அடாஜியோ மோல்தோ எ மெஸ்தோ’: மிக மெதுவாக, துயரத்தோடு. துயரத்துக்கு ஏற்ற எஃப் மைனர் ஸ்வர வரிசையில், அடங்கிய குரலில் தொடங்குகிறது. துயரம் எங்கே என்று தேடவேண்டியதில்லை. ஹெய்டனின் ஓபஸ் 76, ஐந்தாம் குவார்ட்டெட்டிலும் மெஸ்தோ உண்டு. ஆனால் அது எஃப்-ஷார்ப் மேஜர்! பெரும்பாலும் மகிழ்ச்சியாக ஒலிக்கும் மேஜரில் துயரம் எப்படி வரும்? அந்த ஸ்வர வரிசையில் வயலின், வியோலா, செல்லோ மூன்றின் திறந்த (விரல் வைக்காத) தந்திகளில் ஒன்றுகூட இல்லை. எல்லா ஸ்வரத்தையும் விரலால் அழுத்தியே எடுக்கவேண்டும். திறந்த தந்திகள் கூடச் சேர்ந்து அதிர்வதால் வரும் பளபளப்பு குறைந்து, ஒலி திரைக்குப் பின்னாலிருந்து வருவதுபோல் இருக்கும். என் காதில் அந்த மெஸ்தோ இன்னும் ஆழமாக இறங்குகிறது.

இனி நீங்கள் கேட்ட வேக வேறுபாடு. முதல் பதினோரு குவார்ட்டெட்டுகளுக்கு மெட்ரோனோம் எண் கொடுத்த பீத்தோவன், கடைசிக் குவார்ட்டெட்டுகளுக்குக் கொடுக்கவில்லை. ஓபஸ் 130இன் ‘கவாட்டினா’ என்ற பாட்டுப்போன்ற பகுதியில் இருப்பது ‘அடாஜியோ மோல்தோ எஸ்ப்ரெஸ்ஸிவோ’ (மெதுவாக, மிகுந்த உணர்ச்சியோடு) மட்டுமே. அதன் நடுவில் ஓரிடம் வரும். கீழே மூன்று வாத்தியங்களும் மிக மெல்ல, மும்மூன்றாக ஸ்வரங்களைத் தட்டிக்கொண்டே இருக்கும். மேலே முதல் வயலின் அந்தத் தட்டில் உட்காராமல், பிந்தி, விட்டுவிட்டு, பேச வாயெடுத்துப் பேசமுடியாமல் நிற்கும். அங்கே இத்தாலிய மொழியை விட்டு ‘பெக்லெம்ட்’ என்று ஜெர்மனில் எழுதினார் பீத்தோவன்: நெஞ்சடைத்து. சில பார்களில் (தாளக் கட்டங்களில்) முடிந்துவிடுகிறது. வேகத்தை மாற்றச் சொல்லி அங்கே ஒரு குறிப்பும் கிடையாது.

கோல் பிடித்து வாசிப்பை நடத்துபவர் இல்லாத மேடை அது. கீழே மூவர் ஆடாமல் அசையாமல் பிடித்திருந்தால்தான் மேலே ஒருவரால் தடுமாற முடியும். அவர்களும் இரங்கி முதல் வயலினோடு சேர்ந்து தயங்கினால் அந்த இடமே போயிற்று. ஆகவே மொத்த நேரத்தைப் பார்த்து யார் சரி என்று தீர்ப்பு சொல்லமாட்டேன். 1977இல் வாயேஜர் விண்கலத்தின் தங்கத் தட்டில் ஏறிய புடாபெஸ்ட் குவார்ட்டெட்டின் வாசிப்பு ஆறரை நிமிடத்தைச் சற்றுத் தாண்டும். அதைவிட நிதானமாக வாசிப்பவர்களும் உண்டு. நீங்கள் கேட்ட இரண்டு குழுக்களையும் அந்தச் சில பார்களில் வைத்துப் பாருங்கள், கீழ்க்குரல்களை மட்டும் கவனித்து.

அது பழகியபின் ரஷ்ய இசையமைப்பாளர் ஷோஸ்டகோவிச்சின் 15ஆம் குவார்ட்டெட்டுக்குப் போங்கள். 1974இல் எழுதியது. ஆறு பகுதிகள், இடைவெளியின்றித் தொடர்பவை, ஆறும் அடாஜியோ. ஐந்தாவதான சவ ஊர்வலத்துக்கு மட்டும் கூடுதலாக ஒரு ‘மோல்தோ’ (மிக). ஆறும் உங்களுக்கு ஒரே வேகமாகக் கேட்கிறதா என்று எழுதுங்கள்.