பழைய டவர் கம்ப்யூட்டருக்குப் பதிலாக மினி பிசி வாங்கலாமா? அதன் நிறை குறைகள் என்ன?

கேள்வி கேட்டவர் சொல்லும் நிலைமை இது: வீட்டிலுள்ள டவர் கம்ப்யூட்டரில் விண்டோஸ் 11 ஏறவில்லை, மானிட்டரும் கீபோர்டும் நன்றாகவே இருக்கின்றன, மேசையிலோ இடமில்லை. ஆப்பிளின் மேக் மினி எப்படி என்றும் கேட்கிறார். நானும் 2024 கடைசியில் இதே சிக்கலில்தான் இருந்தேன். அதனால் கேள்விப்பட்டதை விட்டுவிட்டு, கையில் வைத்து உழன்றதைச் சொல்கிறேன்.

மயிலாடுதுறைப் பக்கம் எனக்கு ஒரு சின்ன டிடிபி, ஜெராக்ஸ் கடை. மேசைக்கடியில் நாலாம் தலைமுறை இன்டெல் ஐ5 சிப் போட்ட சிபியு ஒன்று பத்து வருஷம் உழைத்தது. 2025 அக்டோபர் 14உடன் விண்டோஸ் 10க்கு ஆதரவு முடியும் என்று அப்போதே அறிவித்திருந்தார்கள். விண்டோஸ் 11க்கோ பெரும்பாலும் இன்டெல் எட்டாம் தலைமுறையாவது வேண்டும். புது டவருக்குக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, கடைசியில் இன்டெல் என்100 சிப், 16 ஜிபி ராம், 512 ஜிபி எஸ்எஸ்டி உள்ள மினி பிசி ஒன்றை 15,500 ரூபாய்க்கு வாங்கினேன். பிராண்டைச் சொல்லிப் பயனில்லை. அதே டப்பா நாலு பெயரில் விற்கிறது.

பார்சலைப் பிரித்து மேசையில் வைத்ததும், ஜெராக்ஸ் எடுக்க வந்திருந்த பெரியவர் ஒருவர், "என்ன தம்பி, புது செட்டாப் பாக்ஸா?" என்றார். அவர் கேட்டதில் தப்பில்லை. 12 சென்டிமீட்டர் சதுரம், 4 சென்டிமீட்டர் உயரம். ஒரு இட்லித் தட்டு அளவுகூட இல்லை.

முதலில் கரண்ட். ப்ளக்கில் மாட்டும் சின்ன மீட்டர் ஒன்று வைத்திருக்கிறேன். பழைய டவர் சும்மா இருக்கும்போதே 55 வாட் இழுத்தது, வேலை செய்யும்போது 90 வரை போகும். இது சும்மா இருந்தால் 8 வாட், திணறும்போது 25. சராசரியாக 50 வாட் மிச்சம் என்று வைத்து, ஒரு நாளைக்கு 12 மணி நேரம் ஓடினால், மாதம் 18 யூனிட். கடைக் கணக்கில் யூனிட் தோராயமாகப் பத்து ரூபாய் என்றால் 180 ரூபாய். "கரண்ட் பில்லிலேயே போட்ட காசு திரும்பிவிடும்" என்று விற்பவர்கள் சொல்வார்கள். திரும்பும், ஏழு வருஷம் ஆகும்! அதற்குள் டப்பா உயிரோடு இருக்குமா என்பது வேறு விஷயம்.

உண்மையான லாபம் யூபிஎஸ்ஸில்தான் கிடைத்தது. எங்கள் பகுதியில் மாதாந்திரப் பராமரிப்பு என்று ஒரு நாள் காலை ஒன்பது மணிக்கே கரண்ட்டை எடுத்துவிடுவார்கள். அது தவிர, காற்றடித்தால் போகும், மழை தூறினால் போகும். 600 விஏ யூபிஎஸ்ஸில் பழைய டவர் ஏழெட்டு நிமிஷம்கூடத் தாங்காது. கஸ்டமர் பக்கத்தில் நிற்க, அது கீ கீ என்று கத்த, நான் அவசரமாக சேவ் செய்வேன். இப்போது மானிட்டரையும் சேர்த்தே முப்பது, முப்பத்தைந்து வாட்தான். அதே யூபிஎஸ், அதே பேட்டரி, அரை மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறது. ஆன்லைன் விண்ணப்பத்துக்குக் கடைசி நாளில் நாலு பேர் வரிசையில் நிற்கும்போது அந்த அரை மணி நேரத்தின் மதிப்பு தெரியும். ஆனால் இதையே திருப்பியும் பார்க்க வேண்டும். மினி பிசியின் உள்ளே இருப்பது கிட்டத்தட்ட ஒரு லேப்டாப், பேட்டரி மட்டும் கிடையாது. உங்கள் வீட்டில் யூபிஎஸ்ஸோ, யூபிஎஸ் மோடில் வைத்த இன்வெர்ட்டரோ இல்லையென்றால், அந்தச் செலவையும் விலையோடு சேர்த்துத்தான் லேப்டாப்போடு ஒப்பிட வேண்டும்.

இனி வேகம். என்100 என்பது 2023 தொடக்கத்தில் வந்த சிப். நாலு கோர், அதாவது நாலு மூளை; நாலும் கரண்ட்டைச் சிக்கனமாகச் செலவழிக்கும் வகை. 6 வாட் என்று வரையறுத்த சிப்பிடம் மலையைப் புரட்டச் சொல்லக்கூடாது. ராமுக்கும் ஒரே சேனல்தான், இரண்டு ஸ்லாட்டில் போட்டு இரட்டை வேகம் எடுக்கும் வசதி கிடையாது. தட்டச்சு, பேஜ்மேக்கர், டாலி, பத்துப் பதினைந்து பிரவுசர் டேப், யூடியூப் இவற்றில் ஒரு குறையும் காணவில்லை. பழைய ஐ5ஐவிடச் சுறுசுறுப்பாகவே தெரிகிறது. அதில் பாதிப் புண்ணியம் எஸ்எஸ்டிக்கு. பழையதில் ஹார்ட் டிஸ்க் சுற்றிக்கொண்டிருந்தது.

மூச்சு வாங்கும் இடம் ஃப்ளெக்ஸ் பேனர். பத்தடிக்கு இருபதடி என்றால், 72 டிபிஐயில் (அங்குலத்துக்கு 72 புள்ளி) வைத்தாலும் 8,640க்கு 17,280, அதாவது கிட்டத்தட்ட 15 கோடி பிக்சல். ஒரு லேயருக்கே ஏறத்தாழ 450 எம்பி. காதுகுத்துப் பேனரில் தாய்மாமன் படம், அப்பத்தா படம், பின்னால் பூ, மேலே கட்சித் தலைவர் என்று பத்து லேயர் ஏறினால் 16 ஜிபி ராமும் திணறும். ஃபோட்டோஷாப்பில் ஒரு படத்தை நகர்த்திவிட்டு டீ சொல்லிவிட்டு வரலாம். இது சிப்பின் குற்றமில்லை, அந்த வேலைக்கு அதைச் செய்யவே இல்லை. இதேபோல், உங்கள் வீட்டுப் பிள்ளைகள் கேம் விளையாடுவார்கள் என்றால் இதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். பின்னாளில் கிராபிக்ஸ் கார்டு போட்டுக்கொள்ளலாம் என்றால் அதற்கு உள்ளே இடமே இல்லை.

ஒரு விசித்திரமான தொல்லையையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இரண்டு வாரம் என்னைப் பைத்தியமாக்கியது அது. பென்டிரைவில் ஃபைல் ஏறும்போதெல்லாம் வயர்லெஸ் மவுஸ் இழுத்து இழுத்து நகரும். மவுஸில் பேட்டரி மாற்றினேன், மவுஸையே மாற்றினேன். பிறகுதான் பிடிபட்டது. யூஎஸ்பி 3 போர்ட் வேலை செய்யும்போது கிளம்பும் இரைச்சல், மவுஸ் பேசும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் விழும். பெரிய கேபினெட்டில் மவுஸின் டாங்கிளை (யூஎஸ்பியில் செருகும் சின்ன ரிசீவரை) தள்ளிச் செருக இடமிருக்கும். இங்கே போர்ட்டுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கின்றன. ஒரு அடி நீள எக்ஸ்டென்ஷன் ஒயரில் டாங்கிளை மாட்டி மேசை மேல் வைத்தேன், தீர்ந்தது.

மானிட்டருக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளலாம் என்று விளம்பரத்தில் காட்டுவார்கள். மானிட்டர் முதுகில் பத்து சென்டிமீட்டர் இடைவெளியில் நாலு திருகு ஓட்டைகள் இருக்குமே, அதில். என் மானிட்டரின் ஸ்டாண்டே அந்த ஓட்டைகளைத்தான் பிடித்துக்கொண்டிருந்தது. எனவே டப்பா மேசையிலேயே உட்கார்ந்துவிட்டது. உங்களுக்குப் பின்னால் மாட்ட முடிந்தால், பவர் பட்டனைத் தேடித் தடவ வேண்டியிருக்கும். பயாஸில் (விண்டோஸ் ஏறுவதற்கு முன் வரும் அடிப்படை செட்டிங் பக்கத்தில்) 'கரண்ட் வந்ததும் தானே ஆன் ஆகு' என்கிற வகை செட்டிங் இருக்கிறதா பாருங்கள்.

எட்டாவது மாதம் அடாப்டர் போய்விட்டது. அடாப்டர்தானே, 12 வோல்ட், 3 ஆம்பியர், சிசிடிவி சாமான் விற்கும் கடையில் அள்ளிக்கொள்ளலாம் என்று போனேன். கடைக்காரர் லேபிளைப் பார்த்து எடுத்துக் கொடுத்தார், மாட்டினேன், ஓடியது. அன்று சாயங்காலம் யாரோ மேசையில் கை ஊன்றினார்கள், கம்ப்யூட்டர் அணைந்துவிட்டது. மறுநாளும் அதேதான். ஜாக்கை உற்றுப் பார்த்தபோது தெரிந்தது. வெளி வட்டம் இரண்டு வகைக்கும் 5.5 மில்லிமீட்டர்தான். நடு ஓட்டை மட்டும் ஒன்றுக்கு 2.1, மற்றதற்கு 2.5. டப்பாவுக்குள் இருக்கும் ஊசி 2.1, நான் வாங்கியது 2.5. உள்ளே போகும், ஆனால் இறுக்கிப் பிடிக்காது. கண்ணுக்குத் தெரியாத அந்த 0.4 மில்லிமீட்டரில் ஒரு திருமணப் பத்திரிகை இரண்டு முறை போயிற்று.

பெயர் தெரியாத பிராண்டுகளில் இதுதான் பெரிய குறை: ஏதாவது ஆனால் போய் நிற்க ஒரு சர்வீஸ் சென்டர் கிடையாது. சின்ன விசிறிதான், எங்கள் ரோட்டுப் புழுதிக்கு ஆறு மாதத்திலேயே கொசு மாதிரி ரீங்காரமிட ஆரம்பித்தது. பெயிண்ட் பிரஷ்ஷால் நானே சுத்தம் செய்தேன். மினி பிசி வகையைப் பிரபலமாக்கியதில் இன்டெல்லே விற்ற என்யூசி என்ற மினி பிசிக்குப் பெரிய பங்கு உண்டு. அதையே 2023 ஜூலையில் இன்டெல் கைவிட்டு ஏசுஸிடம் ஒப்படைத்துவிட்டது.

அதனால் உங்களுக்கு என் முதல் யோசனை புது என்100 கிடையாது. ஐடி கம்பெனிகள் பயன்படுத்திக் கழித்த, ஒரு லிட்டர் கொள்ளளவே உள்ள மினி பிசி பெட்டிகள் சென்னை ரிச்சி தெருவிலும் ஆன்லைனிலும் கிடைக்கின்றன: லெனோவோ திங்க்சென்டர் டைனி, டெல் ஆப்டிபிளெக்ஸ் மைக்ரோ, எச்பி எலைட்டெஸ்க் மினி. எட்டாம் தலைமுறை ஐ5-8500டி சிப் போட்டதாகப் பாருங்கள். ஆறு கோர், ராமுக்கு இரண்டு ஸ்லாட், விண்டோஸ் 11 தாராளமாக ஏறும். என்100ஐவிடக் கொஞ்சம் கரண்ட் கூடக் குடிக்கும், வேலையும் கூடச் செய்யும். வாங்கும்போது பயாஸ் பாஸ்வேர்ட் நீக்கியிருக்கிறார்களா என்று ஆன் செய்து பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.

மேக் மினியைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். 2024இல் வந்த எம்4 சிப் மாடல் 12.7 சென்டிமீட்டர் சதுரம், 16 ஜிபி ராம், அறிமுக விலை 59,900 ரூபாய். அடாப்டர் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது, அந்த ஒன்றுக்காகவே அதன் மேல் எனக்குப் பொறாமை. வீடியோ எடிட்டிங்தான் பிழைப்பு என்றால் யோசிக்காமல் அதையே வாங்கலாம். ஆனால் ராமைப் பிறகு கூட்ட முடியாது, வழக்கமான அகல யூஎஸ்பி போர்ட் ஒன்றுகூடக் கிடையாது, டாலி அதில் நேரடியாக ஓடாது.

எதை வாங்கினாலும் முன்கூட்டியே உங்கள் மானிட்டரின் பின்னால் பாருங்கள். நீல நிற விஜிஏ மட்டும் இருந்தால் எச்டிஎம்ஐ கன்வர்ட்டர் ஒன்று தேவைப்படும். பிறகு, உபரியாக ஒரு அடாப்டர் வாங்கி வையுங்கள். வாங்கப் போகும்போது பழைய அடாப்டரை எடுத்துப் போகாதீர்கள், கம்ப்யூட்டரையே எடுத்துப் போய்ச் செருகிப் பாருங்கள். மஞ்சள் பையில் போட்டுத் தூக்கிப் போகிற அளவுதானே!