‘ஆல்’ என்று போட்டிருந்தும் ஏன் ஏற்க மறுக்கிறது?

கேள்வி: பெரம்பூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கடையில் 64 பிட் உபுண்டு. பழைய 32 பிட் பில்லிங் மென்பொருளுக்கு இரண்டு டெப் கோப்புகள் (உபுண்டுவில் நிறுவுவதற்கான பேக்கேஜ்கள்) தந்தார்கள். ஒன்றின் பெயர் ‘ஐ386’ என்றும், எழுத்துருக்களும் பில் வடிவங்களும் உள்ள இன்னொன்று ‘ஆல்’ என்றும் முடிகிறது. ‘ஆல்’ கோப்பை நிறுவிவிட்டேன். ஆனால் மென்பொருளை நிறுவப் போனால் அதையே காணோம் என்கிறது. ரிச்சி தெருவில் ஒருவர் 1,500 ரூபாய்க்கு அந்தப் பிழையை மீறிக் கட்டாயமாக ஏற்றித் தருகிறேன் என்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். கோளாறு உங்கள் கணினியில் இல்லை, அந்த ‘ஆல்’ பேக்கேஜில் ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது.

‘ஆல்’ என்றால் எல்லாக் கணினிக்கும் பொதுவான கோப்புகள் என்று பொருள். ஆனால் கிணறு பொதுவாக இருந்தாலும் பட்டா ஒருவர் பெயரில்தான் இருக்கும். நிறுவியதும், பேக்கேஜ்களை ஏற்றும் டிபிகேஜி என்ற கருவி அதை உங்கள் கணினியின் சொந்தக் கட்டமைப்பான 64 பிட்டின் கணக்கில் எழுதிவிடும். 32 பிட் மென்பொருளோ தன் கணக்கில் தேடுகிறது. அங்கே ஒன்றும் இல்லை. ‘மல்டி-ஆர்ச்: ஃபாரின்’ என்ற வரி பேக்கேஜில் இருந்தால்தான் வேறு கட்டமைப்பு மென்பொருளும் அதில் இறைத்துக்கொள்ளலாம். டெர்மினலில் ‘டிபிகேஜி -எஸ்’ (சிறிய எஸ்) என்று அடித்துப் பேக்கேஜ் பெயரைக் கொடுங்கள். அந்த வரி இருக்காது என்றே நினைக்கிறேன்.

கட்டாய நிறுவலைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். ஒரு மருந்துக் கடைக்காரர் மடிக்கணினியைக் கொண்டுவந்தார். டெர்மினலைத் திறந்து மேல் அம்புக்குறியை நாலைந்து முறை அழுத்தினேன். எந்தப் பிழையையும் மீறி நிறுவச் சொல்லும் ‘ஃபோர்ஸ்-ஆல்’ என்ற கட்டளை அங்கேயே கிடந்தது. ஏற்றியவர் காசு வாங்கிக்கொண்டு போய்விட்டார். அப்புறம் ஒரு நாள் புதிய பிரிண்டருக்கு ஏதோ நிறுவப் போயிருக்கிறார். சார்புகள், அதாவது ஒரு பேக்கேஜுக்குத் தேவையான மற்ற பேக்கேஜ்கள், உடைந்திருக்கின்றன என்று நிறுவலைக் கவனிக்கும் ஆப்ட் நின்றுவிட்டது. சரிசெய்ய அது சொன்ன கட்டளையைக் கொடுத்து ‘ஒய்’ அழுத்தினார். ஆப்ட் பில்லிங் மென்பொருளையே கழற்றிவிட்டது. இந்த ஃபோர்ஸ் கட்டளைகள் முழுதாகப் புரியாதவர் கையில் கணினியையே கெடுக்கும் என்று டிபிகேஜியின் கையேட்டிலேயே எச்சரிக்கை இருக்கிறது. பிழைச் செய்தியை மறைப்பதற்கு 1,500 ரூபாயா?

சரி, என்ன செய்யலாம்? முதலில் மென்பொருள் தந்தவர்களிடம் அந்த ஒரு வரியைச் சேர்த்துத் தரச் சொல்லுங்கள். 2013-இல், உபுண்டுவுக்கு அடிப்படையான டெபியனின் 7-ஆம் பதிப்பு வந்தபோதே இந்த ஏற்பாடு வந்துவிட்டது. இத்தனை வருடங்கள் கழித்தும் ஒரே ஒரு வரிக்காக வாடிக்கையாளரை அலையவிடுகிறார்கள். பார்க்கவே எரிச்சலாக இருக்கிறது.

அவர்கள் இழுத்தடித்தால் நீங்களே செய்யலாம். ‘டிபிகேஜி-டெப்’ கட்டளையில் பெரிய ஆர் போட்டுக் கோப்பைப் பிரியுங்கள். கன்ட்ரோல் கோப்பில் ஆர்கிடெக்சர் வரிக்குக் கீழே அந்த வரியைச் சேருங்கள். அப்புறம் சிறிய பி போட்டு மறுபடி கட்டி, அதை நிறுவுங்கள். பிரிப்பது, கட்டுவது இரண்டையும் நிர்வாகி அனுமதி தரும் சூடோவுடன் செய்யுங்கள்.

ஆனால் அதே கன்ட்ரோல் கோப்பில் சார்புகளைச் சொல்லும் ‘டிபெண்ட்ஸ்’ என்ற வரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எல்லா ‘ஆல்’ பேக்கேஜுக்கும் இந்த அனுமதியைத் தானாகவே கொடுக்காததற்கு அதுதான் காரணம். பெர்ல் என்ற நிரல் மொழியில் எழுதிய ஒரு ‘ஆல்’ பேக்கேஜ், சி மொழியில் எழுதிக் கம்பைல் செய்த ஒரு துண்டை நம்பியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 32 பிட் பெர்ல் அந்த பேக்கேஜை எடுக்கும். பேக்கேஜ் அந்தத் துண்டை அழைக்கும். கணினியில் இருப்பதோ 64 பிட் துண்டு. 32 பிட் பெர்லால் அதை ஏற்றவே முடியாது. நிறுவும்போது எல்லாம் சரி என்று ஆப்ட் சொல்லியிருக்கும், ஓட்டும்போதுதான் விழும். அதுவும் வாடிக்கையாளர் பில்லுக்குக் காத்து நிற்கும்போது விழும். வெறும் எழுத்துருவும் வடிவங்களும் மட்டும் இருந்தால் இந்தப் பயம் இல்லை, சேர்த்துவிடுங்கள்.

டிபெண்ட்ஸ் வரியில் பெர்ல், பைத்தான் அல்லது ஏதாவது லைப்ரரியின் பெயர் இருந்தால் கோப்பைத் தொடாமல் மூடிவிட்டு 64 பிட் பதிப்பைக் கேளுங்கள். அது வரும்வரை, பழைய கணினி இருந்தால் அதிலேயே பில் போடுங்கள்.