தெலுங்குப் பிள்ளைகளுக்கு ஆங்கில இலக்கணம்: எங்கே ஆரம்பிப்பது?

கேள்வி: கணவரின் வேலைக்காக நெல்லூரில் குடியிருக்கிறோம். தெலுங்கு பேசுவேன், படிக்கத் தெரியாது. அரசுப் பள்ளியில் எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பிள்ளைகள் ஆங்கிலத்துக்காக மாலையில் என்னிடம் ட்யூஷன் வருகிறார்கள். பன்னிரண்டு டென்ஸையும் ஒப்பிக்கிறார்கள். சொந்தமாக எழுதச் சொன்னால் 'மை ஃபாதர் வில் கோ டு ஒர்க் டெய்லி' என்று எழுதுகிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: அந்தப் பன்னிரண்டையும் கொஞ்ச நாள் ஒதுக்கி வையுங்கள். நீங்கள் காட்டிய வாக்கியத்திலிருந்தே தொடங்கலாம்.

தெலுங்கில் 'ரேப்பு வஸ்தானு' என்றால் நாளை வருவேன். 'ரோஜூ வஸ்தானு' என்றால் தினமும் வருகிறேன். வினை மாறவே இல்லை. 'வஸ்தானு'வுக்கு 'வில் கம்' என்று பாடம் செய்த பிள்ளை, அப்பா தினமும் போவதற்கும் 'வில்' போடத்தான் செய்யும். அதைக் கவனக்குறைவு என்று திட்டாதீர்கள். தன் மொழிக்கு உண்மையாக இருந்திருக்கிறது, அவ்வளவுதான். தமிழில் 'தினமும் போவார்' என்றும் சொல்கிறோம், 'போகிறார்' என்றும் சொல்கிறோம். தெலுங்கின் 'வஸ்துன்னானு' பெரும்பாலும் இப்போது நடந்துகொண்டிருப்பதற்குத்தான். அதனால் இந்தச் சிக்கல் அவர்களுக்கு நம்மைவிடக் கூடுதல்.

முதல் இரண்டு வாரம் இது ஒன்றை மட்டும் வாய்மொழியாகச் செய்யுங்கள். பிள்ளை தெலுங்கில் ஒரு வாக்கியம் சொல்லட்டும். "இது ரோஜூவா, ரேப்பா?" என்று கேளுங்கள். ரோஜூ என்றால் 'கோஸ்', ரேப்பு என்றால் 'வில் கோ'. முடிவெடுப்பது பிள்ளையாக இருக்க வேண்டும், நீங்கள் விடையை எடுத்துக் கொடுக்கக் கூடாது.

இதற்கு அருமையான கருவி அவர்கள் பையிலேயே இருக்கும். ஆந்திர அரசுப் பள்ளிகளில் சில ஆண்டுகளாக அறிவியல், சமூக அறிவியல் புத்தகங்கள் ஒரு பக்கம் தெலுங்கு, எதிர்ப்பக்கம் ஆங்கிலம் என்று வருகின்றன. ஆங்கிலப் பக்கத்தைக் காகிதத்தால் மூடிவிட்டு, தெலுங்கை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். 'மொக்கலு நீட்டினி பீல்ச்சுகுண்டாயி', அதாவது செடிகள் நீரை உறிஞ்சுகின்றன. பிள்ளை ஆங்கிலத்தில் 'பிளான்ட்ஸ் வில் அப்சார்ப் வாட்டர்' என்று சொல்லும். காகிதத்தை எடுத்தால் அங்கே 'வில்' இருக்காது. அறிவியல் பாடம் முழுக்க எப்போதும் நடப்பதைச் சொல்வது என்பதால், இந்த வேறுபாடு வரிக்கு வரி கண்ணில் படும். உங்களுக்குத் தெலுங்கு படிக்கத் தெரியாதது இதற்குத் தடையே இல்லை.

அடுத்தது 'கோஸ்' என்பதன் கடைசியில் வரும் 'எஸ்'. தமிழர்கள் கவனிக்கத் தவறும் இடம் இது. நாம் வந்தான், வந்தாள், வந்தது என்று மூன்றாகப் பிரிக்கிறோம். தெலுங்கில் ஆணுக்கு 'வச்சாடு', பெண்ணுக்கும் பசுவுக்கும் 'வச்சிந்தி'. வீட்டில் தங்கையை 'அதி' என்று சொல்வதும் சகஜம்தான். ஆகவே தங்கையைப் பற்றி எழுதும்போது யாராவது 'இட்' போட்டால் சிரித்துவிடாதீர்கள். ஹி, ஷி, இட் மூன்றையும் ஆங்கிலம் ஒரே வரிசையில் நிறுத்தி, மூன்றுக்கும் 'எஸ்' சேர்க்கிறது என்று சொன்னால் போதும். ஆளுக்கேற்ப வினை மாறுவது அவர்களுக்குப் பழகிய விஷயம்.

சொல்வரிசைக்கு நீண்ட விளக்கம் வேண்டாம். தமிழும் தெலுங்கும் ஒரே குடும்பம் என்று 1816-இலேயே, சென்னையில் கலெக்டராக இருந்த ஆங்கிலேயர் எல்லிஸ் எழுதிவிட்டார். வினை கடைசியில் வருவது, 'நாக்கு இத்தரு அன்னலு உன்னாரு' (எனக்கு இரண்டு அண்ணன்கள் இருக்கிறார்கள்) என்பதில் 'எனக்கு' என்று தொடங்குவது, 'அதனு டாக்டர்' (அவர் டாக்டர்) என்பதில் வினையே இல்லாமலிருப்பது எல்லாம் நமக்கும் உண்டு. நீங்கள் எப்படித் தாண்டினீர்களோ அப்படியே சொல்லிக் கொடுங்கள்.

கேள்வி கேட்பதற்கு மட்டும் ஒரு மாதம் ஒதுக்குங்கள். தெலுங்கில் கடைசியில் ஒரு 'ஆ' சேர்த்தால் கேள்வி தயார்: 'வஸ்தாவு' (வருவாய்), 'வஸ்தாவா?' (வருவாயா?). ஆங்கிலத்தில் 'டூ' எங்கிருந்தோ வந்து முன்னால் நிற்கிறது. 'டிட்' வந்தால் இறந்தகாலத்தை அதுவே எடுத்துக்கொள்ளும், பின்னால் 'கேம்' வராது, 'கம்'தான். விதியைச் சொல்வதால் இது படியாது. ஒருவர் கேட்க, மற்றவர் பதில் சொல்ல, தினமும் பத்து நிமிடம் பேசினால்தான் படியும். என்னைக் கேட்டால், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை இலக்கணத்தில் கற்க வேண்டிய மிக முக்கியமான விஷயம் இதுதான். கேள்வி கேட்கத் தெரியாத பிள்ளை வகுப்பில் வாயே திறக்காது.

அப்புறம் 'ஃபார்', 'சின்ஸ்'. தெலுங்கில் 'பதேள்ள நுஞ்சி' (பத்து ஆண்டுகளாக), '2015 நுஞ்சி' (2015-இலிருந்து) இரண்டுக்கும் ஒரே 'நுஞ்சி'. அதனால்தான் 'சின்ஸ் டென் இயர்ஸ்' வருகிறது. தொடங்கிய நேரத்தைச் சொன்னால் 'சின்ஸ்', எவ்வளவு காலம் என்றால் 'ஃபார்'. ஒரு மாலையில் முடியும்.

'ஏ', 'தி' ஆகியவற்றைக் கடைசிக்குத் தள்ளுங்கள். அவை தவறினாலும் சொன்னது புரியும். நோட்டில் எல்லாத் தவறையும் சிவப்பு மையால் சுழிக்கவும் வேண்டாம். அந்த வாரம் எதை நடத்துகிறீர்களோ அந்தத் தவறை மட்டும் திருத்துங்கள். வாய்ஸ், ரிப்போர்ட்டட் ஸ்பீச் எல்லாம் பத்தாம் வகுப்பு ஜூனில் தொடங்கினாலும் பரீட்சைக்கு நேரம் இருக்கும்.