பெருந்தொற்று நாட்களின் தொலைதூர ரயில்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

2020, 2021ஆம் ஆண்டுகளில் தொலைதூர ரயிலில் பயணம் செய்தவர்கள் தம் அனுபவங்களையும் ஐயங்களையும் எழுதி அனுப்பலாம் என்று சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்து சேர்ந்த கடிதங்களில் ஆறு இந்த இதழில் இடம்பெறுகின்றன. சொந்தத் துயரங்கள் கலந்திருப்பதால் எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்து, ஊரை மட்டும் குறித்திருக்கிறோம்.

கேள்வி: 2020 இறுதியில் டில்லியிலிருந்து குடும்பத்தோடு ரயிலில் வந்தோம். இரண்டு இரவும் ஒரு பகலும் ஒரே பெட்டியில் இருந்தும் யாரும் யாரோடும் ஒரு வார்த்தை பேசவில்லை. எங்களுக்கு மட்டும்தான் அப்படி அமைந்ததா? (கும்பகோணம் வாசகி)

பதில்: இல்லை அம்மா, அந்த மௌனம் அன்று எல்லாப் பெட்டிகளிலும் இருந்தது. அதே ஆண்டு அக்டோபரில் நானும் புதுடில்லியிலிருந்து சென்னைக்குச் சிறப்பு ரயிலில் வந்தேன். ஏறத்தாழ 2,180 கிலோமீட்டர் தூரம். புறப்படுவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பாகவே நிலையத்துக்கு வந்துவிட வேண்டும், உறுதியான பயணச்சீட்டு உள்ளவர்களுக்கு மட்டுமே உள்ளே அனுமதி, வாசலில் நெற்றிக்கு நேரே வெப்பமானி என்று எல்லாம் முடிந்து பெட்டியில் ஏறினால், திரைச்சீலைகள் கழற்றப்பட்டிருந்தன. போர்வையும் தலையணையும் இல்லை. பரிசோதகர் முகக்கவசத்துக்கு மேல் கண்ணாடித் தடுப்பும் அணிந்து, சீட்டைக் கையில் வாங்காமல் சற்றுத் தள்ளி நின்றே பார்த்துவிட்டுப் போனார். வழி நெடுக "காபி, காபி" என்ற குரலே கேட்கவில்லை. சமையல் பெட்டியில் அடுப்பு எரியாததால் உறையிட்ட தின்பண்டங்களும் தண்ணீர்ப் புட்டிகளும் மட்டுமே கிடைத்தன.

எதிர் இருக்கையில், மகளின் பிரசவத்துக்காகப் பிப்ரவரியில் டில்லிக்குப் போய் எட்டு மாதம் அங்கேயே தங்கிவிட நேர்ந்த ஒரு பாட்டி இருந்தார். நாக்பூர் நெருங்கும் நேரத்தில் அவர் எவர்சில்வர் தூக்கைத் திறந்தார். பெட்டி முழுக்கப் புளிசாத மணம். வழக்கமாக அந்த இடத்தில் "கொஞ்சம் எடுத்துக்கோங்க" என்ற பேச்சு தானாக வந்துவிடும். அவர் என்னைப் பார்த்தார், தூக்கைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு சாப்பிட்டார். எனக்குக் கொடுக்காமல் சாப்பிடுவதில் அவருக்கு இருந்த கூச்சம் அவருடைய முதுகிலேயே தெரிந்தது. அரை மணி நேரம் கழித்து, வாயைக் கட்டாமல் மடித்து வைத்திருந்த ஒரு வாழையிலைப் பொட்டலத்தை நடுவில் இருந்த சிறு மேசையின் ஓரத்தில் வைத்துவிட்டு, "வீட்ல கட்டினதுப்பா, கரண்டியாலதான் வெச்சேன், கை படல" என்றார். மிளகாய்ப்பொடி தடவிய நான்கு இட்லிகள். நான் மேல் படுக்கைக்கு ஏறிப்போய்ச் சாப்பிட்டேன். சென்னை வரும்வரை எங்களுக்குள் நடந்த பேச்சு அவ்வளவுதான்.

யாரும் பேசாததை நீங்கள் மனக்குறையாக எழுதியிருக்கிறீர்கள். அன்று பேசாமல் இருந்தவர்களில் பலர், வீட்டில் வயதான ஒருவரை நினைத்தே வாயை மூடிக்கொண்டிருந்தார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கேள்வி: திருப்பூரில் சிறிய அளவில் தையல் யூனிட் நடத்துகிறேன். 2020 மே மாதம் என்னிடம் வேலை பார்த்த ஒடிசாப் பையன்கள் பதினொரு பேரைச் சிறப்பு ரயிலில் அனுப்பி வைத்தேன். அந்த ரயில்களைப் பற்றிச் சரியான விவரம் வேண்டும். சில ரயில்கள் வழி தவறிப் போயின என்று அப்போது படித்தது உண்மையா? (திருப்பூர் வாசகர்)

பதில்: 2020 மார்ச் 22ஆம் தேதியோடு பயணிகள் ரயில்கள் நின்றன. 25ஆம் தேதி நாடு முழுவதும் ஊரடங்கு வந்தது. ஊருக்குப் போக வழியில்லாமல் தொழிலாளர்கள் தவித்த ஐந்து வாரங்களுக்குப் பிறகு, மே 1ஆம் தேதி தெலங்கானாவின் லிங்கம்பள்ளியிலிருந்து ஜார்கண்டின் ஹட்டியாவுக்கு முதல் ஷ்ராமிக் (தொழிலாளர்) சிறப்பு ரயில் புறப்பட்டது. 24 பெட்டிகள், சுமார் 1,200 பேர். 72 பேர் படுக்கக்கூடிய பெட்டியில் 54 பேரை மட்டுமே ஏற்றினார்கள். பத்து நாளிலேயே அந்த இடைவெளி கைவிடப்பட்டு, ஒரு ரயிலுக்கு 1,700 பேர்வரை ஏற்ற அனுமதி வந்தது. ஆகஸ்ட் இறுதிவரை 4,621 ரயில்கள், 63 லட்சத்துக்கும் மேற்பட்ட பயணிகள். தமிழ்நாட்டிலிருந்து போனவர்களில் தொழிலாளர்கள் மட்டுமல்லாமல், வேலூருக்குச் சிகிச்சைக்காக வந்து சிக்கிக்கொண்ட ஜார்கண்ட் நோயாளிகளும் உடனிருந்தவர்களும் இருந்தார்கள். அவர்கள் காட்பாடியில் ரயில் ஏறினார்கள்.

வழி மாறிய செய்தியும் உண்மையே. மும்பைக்கு அருகிலுள்ள வசாய் ரோட்டிலிருந்து உத்தரப் பிரதேசத்தின் கோரக்பூருக்கு மே 21ஆம் தேதி கிளம்பிய ரயில், ஒடிசாவின் ரூர்கேலாவுக்குப் போய்ச் சேர்ந்தது. நெரிசல் மிகுந்த தடத்தைத் தவிர்க்க வேண்டுமென்றே வேறு வழியில் திருப்பியதாக ரயில்வே விளக்கம் தந்தது. பெரும்பாலான ரயில்கள் உத்தரப் பிரதேசத்தையும் பீகாரையும் நோக்கியே குவிந்ததால் தடம் அடைத்துக்கொண்டது என்பதை நான் ஏற்கிறேன். ஆனால் உள்ளே இருந்தவர்களுக்கு அந்த விளக்கம் உரிய நேரத்தில் சொல்லப்பட்டதா என்பதுதான் கேள்வி. மே மாத வெயிலில், சாதாரணப் படுக்கைப் பெட்டியில், கைக்குழந்தையோடு உட்கார்ந்திருக்கும் ஒரு தாய், விடிந்ததும் ஜன்னல் வழியாகத் தன் ஊருக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு பெயர்ப்பலகையைப் படிக்கிறாள் என்று எண்ணிப் பாருங்கள்.

கட்டணத்தை யார் ஏற்பது என்ற வாக்குவாதம் மாதம் முழுக்க நீடித்தது. தொழிலாளர்களிடம் கட்டணம் வாங்கக் கூடாது, கிளம்பும் மாநிலம் நிலையத்திலும் ரயில்வே பயணத்தின்போதும் உணவும் குடிநீரும் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் மே 28ஆம் தேதி உத்தரவிட்டது. அதற்குள் பெரும் பகுதியினர் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். நல்ல உத்தரவு, தாமதமாக வந்த உத்தரவு.

இன்னொன்றையும் இங்கே சொல்லாமல் விட முடியவில்லை. மே 8ஆம் தேதி விடியற்காலையில், மகாராஷ்டிராவின் கர்மாட் அருகே, ரயில் பிடிப்பதற்காகத் தண்டவாளத்தை ஒட்டி நடந்து வந்து, களைப்பில் அதன் மேலேயே உறங்கிவிட்ட 16 தொழிலாளர்கள் சரக்கு ரயிலில் அடிபட்டு இறந்தார்கள். ரயில் எதுவும் ஓடவில்லை என்ற எண்ணத்தில்தான் அங்கே படுத்திருப்பார்கள். சரக்கு ரயில்கள் அந்த நாட்களில் ஒரு நாள்கூட நிற்கவில்லை. நம் வீடுகளுக்கு அரிசியும் பருப்பும் வந்தது அவற்றால்தான். தண்டவாளத்தில் சிதறிக் கிடந்த சப்பாத்திகளின் படத்தை என்னால் இன்றும் மறக்க முடியவில்லை. உங்கள் பதினொரு பேரையும் நிலையம்வரை கொண்டுபோய் ஏற்றிவிட்டீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்காக உங்களை வணங்குகிறேன்.

கேள்வி: அப்போது எல்லா ரயில்களின் எண்ணும் பூஜ்யத்தில் தொடங்கியது ஏன்? (திருச்சி மாணவர்)

பதில்: வழக்கமான கால அட்டவணை நிறுத்தப்பட்டு, ஓடிய ஒவ்வொரு ரயிலும் சிறப்பு ரயிலாகவே கருதப்பட்டது. சிறப்பு ரயில்களின் எண் பூஜ்யத்தில் தொடங்குவது முன்பிருந்தே உள்ள வழக்கம். 2021 நவம்பரில் பழைய எண்களுக்கும் பழைய கட்டணத்துக்கும் திரும்ப உத்தரவு வந்தது. சமைத்த உணவு 2022 பிப்ரவரியில் முழுமையாகத் திரும்பியது; போர்வைக்கும் திரைச்சீலைக்கும் அதே ஆண்டு மார்ச்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

கேள்வி: ரயில் பெட்டிகளை மருத்துவமனை வார்டாக மாற்றியபோது குளிர்சாதனப் பெட்டிகளை ஏன் பயன்படுத்தவில்லை? ஏழை நோயாளிகள்தானே என்ற அலட்சியமா? (அரக்கோணம் வாசகர்)

பதில்: அலட்சியம் அல்ல. குளிர்சாதனப் பெட்டியில் ஒரே காற்று குழாய் வழியே சுற்றிச் சுற்றி வரும்; தொற்று பரவ அது வழிவகுக்கும் என்ற கவலை இருந்தது. ஜன்னல் திறக்கும் சாதாரணப் பெட்டியே மேல் என்று முடிவு செய்து, 5,231 பெட்டிகளை மாற்றினார்கள். நடுப் படுக்கை எடுக்கப்பட்டது, கழிப்பறைகளில் ஒன்று குளியலறையானது, ஜன்னல்களுக்குக் கொசுவலை வந்தது, ஆக்சிஜன் உருளையை நிறுத்தப் பிடிகள் பொருத்தப்பட்டன. வெயிலில் தகரக் கூரை காய்ந்தபோது உள்ளே படுத்திருப்பது கடினமாகத்தான் இருந்திருக்கும். அவற்றில் பெரும்பாலானவை பயன்படாமலேயே நின்றன என்றாலும், இரண்டாம் அலையில் மகாராஷ்டிராவின் நந்துர்பார் போன்ற, படுக்கை வசதி குறைந்த இடங்களில் கைகொடுத்தன. 2021 மே மாதம் உங்கள் ஊர் வழியாக உருளை வடிவக் கொள்கலன்களோடு ஒரு ரயில் போனதைப் பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். அது ஆக்சிஜன் ரயிலாக இருந்திருக்கலாம். தமிழ்நாட்டுக்கான முதல் ஆக்சிஜன் ரயில் மே 14ஆம் தேதி மேற்கு வங்கத்தின் துர்காபூரிலிருந்து தண்டையார்பேட்டைக்கு வந்தது.

கேள்வி: எனக்கு வயது 71. காசிக்கு ஒருமுறை போய் வர ஆசை. பெருந்தொற்றின்போது நிறுத்திய மூத்த குடிமக்கள் சலுகையை ஏன் திரும்பத் தரவில்லை? (காரைக்குடி வாசகர்)

பதில்: 60 வயதான ஆண்களுக்கு 40 சதவீதமும் 58 வயதான பெண்களுக்கு 50 சதவீதமும் கட்டணச் சலுகை இருந்தது. 2020 மார்ச் 20ஆம் தேதி அதை நிறுத்தியபோது, முதியவர்கள் வீட்டைவிட்டு வெளியே வராமல் இருப்பது அவர்களுக்கே நல்லது என்பது காரணமாகச் சொல்லப்பட்டது. அன்று அது நியாயமான காரணம். நோயின் வேகம் தணிந்து, போர்வையும் சோறும் திரும்பி வந்த பிறகும் சலுகை மட்டும் திரும்பவில்லை. எல்லாப் பயணிகளின் கட்டணத்திலும் ஏற்கெனவே மானியம் அடங்கியிருக்கிறது என்பது அரசின் பதில். படுக்கை வகுப்புக்கும் மூன்றடுக்குக் குளிர்சாதன வகுப்புக்குமாவது அதைத் திரும்பத் தருவது பற்றிப் பரிசீலிக்கலாம் என்று நாடாளுமன்ற நிலைக்குழு பரிந்துரைத்தது. என் கருத்தும் அதுவே. ஓய்வூதியம் இல்லாத ஒரு முதியவர், மகனிடம் கேட்காமல் தன் பணத்தில் யாத்திரை போவதற்கு இடம் கொடுத்த சலுகை அது. நோய்க்காக நிறுத்தியதை, நோய் போன பிறகும் நிறுத்தியே வைப்பது சரியல்ல. நீங்கள் காசிக்குக் கட்டாயம் போய் வாருங்கள் ஐயா; கீழ்ப் படுக்கைக்கான முன்னுரிமை மட்டும் இன்னும் உண்டு, முன்பதிவில் வயதைத் தவறாமல் குறிப்பிடுங்கள்.

கேள்வி: 2021 ஏப்ரலில் மும்பையிலிருந்து நாகர்கோவில் ரயிலில் வந்துகொண்டிருந்தபோது, அப்பா இறந்த செய்தி வந்தது. நான் போய்ச் சேரும்வரை வைத்திருக்க முடியாது என்றார்கள். அலைபேசியில் சார்ஜ் தீர்ந்துவிட்டது; என் பக்கத்து மின்செருகியும் வேலை செய்யவில்லை. ராய்ச்சூருக்கும் குண்டக்கல்லுக்கும் இடையே, எதிரில் இருந்த ஒருவர் தம் அலைபேசியைத் துடைத்து என்னிடம் நீட்டினார். அதில்தான் அப்பாவின் முகத்தைக் கடைசியாகப் பார்த்தேன். அவர் பெயரைக் கேட்கத் தோன்றவில்லை. இப்போது அவரைக் கண்டுபிடிக்க வழி உண்டா? (பாளையங்கோட்டை வாசகி)

பதில்: பயணிகளின் விவரங்களை ரயில்வே பிறருக்குத் தராது, தரக்கூடாது என்பதும் சரியே. ஆனால் உங்கள் கடிதத்திலேயே ஒரு வழி இருக்கிறது. அவருடைய அலைபேசியிலிருந்துதான் உங்கள் தம்பியை அழைத்தீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அந்த எண் தம்பியின் அலைபேசியில் பதிந்திருக்கும். கருவியை மாற்றியிருந்தாலும், காணொளி அழைப்புக்குப் பயன்படுத்திய செயலியில் பழைய உரையாடல்கள் சேமிக்கப்பட்டிருந்தால், அந்தத் தேதிக்குப் போய்த் தேடச் சொல்லுங்கள். பெயரில்லாத ஓர் எண் கிடைத்தால் உடனே அழைக்காதீர்கள். அந்த ஆண்டில் அவர் வீட்டில் என்ன நடந்ததோ நமக்குத் தெரியாது. யார், எந்த ரயில், எந்த நாள் என்று நான்கு வரி எழுதி அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருங்கள்.

எண் கிடைக்காவிட்டால் எங்களுக்கு எழுதுங்கள். பயண நாளையும் பெட்டி எண்ணையும் மட்டும் குறிப்பிட்டு இதே பக்கத்தில் வெளியிடுகிறோம். நெல்லையிலோ குமரியிலோ இறங்கியவர் என்றால், அவரோ அவரை அறிந்தவரோ இதைப் படிக்கக்கூடும்.