ஸ்விஃப்ட் காரில் 14 இஞ்ச் டயரைக் கழற்றிவிட்டு 15 இஞ்சில் 205 அகல டயர் போடலாமா? ஸ்பீடோமீட்டர் தப்பாகக் காட்டுமா?

போட்டுப் பார்த்தவன் நான். ஏழு மாதத்தில் கழற்றியும் விட்டேன்.

என்னுடையது 2018 மாடல் வி.எக்ஸ்.ஐ. கம்பெனி டயர் 165/80 ஆர்14, அதாவது 165 மி.மீ. அகலம், 14 இஞ்ச் ரிம். பாளையங்கோட்டையில் ஒரு கடையில் 205/65 ஆர்15 அலாயோடு மாட்டினேன். "80 போயி 65 ஆகுதுல்லா, ரிம் பெருசானதுக்கும் டயர் குட்டையானதுக்கும் சரியாப் போயிரும்" என்றார் கடைக்காரர். நானும் தலையாட்டினேன். வீட்டுக்கு வந்துதான் கணக்குப் போட்டேன்.

அந்த 80, 65 எல்லாம், டயரின் பக்கச்சுவர் உயரம் அதன் அகலத்தில் இத்தனை சதவீதம் என்று அர்த்தம். 165-ல் 80 சதவீதம் 132 மி.மீ. 205-ல் 65 சதவீதம் 133 மி.மீ. பக்கச்சுவர் துளிகூடக் குட்டையாகவில்லை, ரிம் மட்டும் ஓர் இஞ்ச் வளர்ந்துவிட்டது! மொத்த விட்டம் 620-லிருந்து 647 மி.மீ.க்குப் போய்விட்டது. அதாவது நாலரை சதவீதம் கூடுதல்.

முதலில் இடித்தது மட்கார்டு. ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்து எங்கள் தெரு முக்கில் ரிவர்ஸ் எடுத்தால் 'கர்ர்ர்' என்று ஒரு சத்தம். ஐந்து பேரோடு வேகத்தடை ஏறினாலும் அதே சத்தம். மெக்கானிக் அண்ணாச்சி வீல் இடுக்கில் கையை விட்டுத் தடவி விரலைக் காட்டினார். மை தொட்டதுபோல ரப்பர் தூள். உள்ளே பிளாஸ்டிக்கில் பிறை வடிவில் ஒரு தேய்மானம். அலாயின் ஆஃப்செட் (ரிம்மின் நடுவிலிருந்து, அது வண்டியோடு பொருந்தும் முகம் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்ற அளவு) வேறாக இருந்ததால் வீல் வெளியே துருத்திக்கொண்டும் நின்றது. அளவு பார்க்கிறவர்கள் பலர் இந்த ஆஃப்செட்டைக் கேட்பதே இல்லை.

இப்போது மீட்டர். டயர் பெரிதானால் ஒரு சுற்றுக்கு அதிக தூரம் ஓடும், மீட்டருக்கோ சுற்றுக் கணக்கு மட்டும்தான் தெரியும். ஆனால் இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஸ்பீடோமீட்டர் நிஜ வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக் கூடாது என்பதால் கம்பெனியே கொஞ்சம் கூட்டித்தான் வைத்திருக்கும். பழைய டயரில் நாங்குநேரி நாலுவழிச் சாலையில் மீட்டர் 100 காட்டினால் போன் ஜி.பி.எஸ். 95, 96 காட்டும். புது டயரில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டன. மீட்டர் திருந்திவிட்டது என்று சந்தோஷப்பட வேண்டாம், கையிருப்பாக இருந்த பாதுகாப்பு போய்விட்டது, அவ்வளவுதான். ஓடிய தூரத்தைக் காட்டும் ஓடோமீட்டரில் அப்படிக் கூட்டி வைப்பது வழக்கமில்லை, அதனால் அங்கே தப்பு அப்படியே விழும். கிலோமீட்டர் கல்லை எண்ணிக்கொண்டு 20 கி.மீ. போனேன், 19 சொச்சம்தான் ஏறியிருந்தது. மைலேஜ் படுத்துவிட்டது என்று நான் புலம்பியதில் ஒரு பங்கு இந்தக் கணக்குப் பிழை. மீதி, டயரின் கனம்.

ஓட்டும்போது? நேர்ச்சாலையில் அழுத்தமாக உட்கார்ந்து போகும், அது நிஜம். ஆனால் லாரி ஓடி ஓடிப் பள்ளம் விழுந்த தடத்தில் ஸ்டீயரிங் தானாக இழுக்கும். பாபநாசத்திலிருந்து காரையாறு ஏறும்போது, மூன்றாவதில் ஏறிய இடமெல்லாம் இரண்டாவது கியர் கேட்டது. பெரிய டயர் என்றால் எல்லா கியரும் கொஞ்சம் நீண்டுவிட்ட மாதிரிதானே. ஐப்பசி மழையில் தண்ணீர் தேங்கிய ரோட்டில் அகல டயர் சீக்கிரம் மிதக்கும், வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும்.

ஸ்டெப்னியை மறந்துவிடாதீர்கள். நான் மறந்தேன். வள்ளியூர் தாண்டி முன்டயர் பஞ்சர். டிக்கியில் கிடந்தது பழைய 165. ஒரு பக்கம் 620, மறுபக்கம் 647 என்று வண்டி ஒருபுறமாக இழுக்க, 40-ஐத் தாண்டாமல் ஊர் வந்து சேர்ந்தேன்.

இப்போது ஓடுவது 185/65 ஆர்15. இதே காரின் மேல் மாடலான இசட்.எக்ஸ்.ஐ.யில் கம்பெனியே போட்டுக் கொடுத்த அளவு. விட்டம் 621.5 மி.மீ., பழையதோடு 2 மி.மீ.தான் வித்தியாசம். ரிம்மையும் அந்த மாடலின் ஆஃப்செட்டிலேயே வாங்கினேன். டயர் எவ்வளவு எடை தாங்கும் என்பதைச் சொல்லும் லோடு இன்டெக்ஸும் 85-லிருந்து 88 ஆகிறது, குறையவில்லை. உங்களுடையதும் இதே தலைமுறை ஸ்விஃப்ட் என்றால் நேரே இதற்குப் போங்கள். வேறு என்றால் டிரைவர் கதவைத் திறந்து, தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள். காற்று அளவும் அதிலேயே இருக்கும்.