அனிமேட்டிக்கில் வராத சிரிப்பு ரெண்டரிலும் வராது

கேள்வி: ஐந்து நண்பர்கள் சேர்ந்து மூன்று நிமிட நகைச்சுவை அனிமேஷன் குறும்படம் செய்துகொண்டிருக்கிறோம். ஒரு யானை, அதன் எடையைத் தாங்காத ஒரு ஸ்டூல், இவ்வளவுதான் கதை. வாயால் சொன்னபோது கேட்டவர்கள் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இப்போது பாதிப் படத்தைப் போட்டுக் காட்டினால் ஒருவர் முகத்திலும் சிரிப்பு இல்லை. கதையையே மாற்றிவிடலாமா?

பதில்: மாற்றாதீர்கள், கதை நன்றாகத்தான் இருக்கிறது. வாயால் சொல்லும்போது எங்கே நிறுத்துவது, எந்தச் சொல்லை இழுப்பது, எப்போது கண்ணை உருட்டுவது என்பதையெல்லாம் எதிரே இருப்பவர் முகத்தைப் பார்த்துப் பார்த்தே நாம் முடிவு செய்துகொள்கிறோம். படத்துக்கு அந்த வசதி கிடையாது, அங்கே ஒரு விநாடிக்கு 24 ஃப்ரேம், அதாவது 24 தனித்தனிப் படங்கள், என்ற கணக்குதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. யானை உட்காருகிறது, ஸ்டூல் கிரீச்சிடுகிறது, யானை மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருக்கிறது, பிறகு ஸ்டூல் உடைகிறது. அசையாமல் இருக்கிறதே, அந்த நேரத்தில்தான் பார்ப்பவர் மனதில் சிரிப்பு சேர்கிறது, உடையும்போது வெளியே வருகிறது. அந்த இடைவெளியை 6 ஃப்ரேமில் முடித்துவிட்டால் 'ஐயோ, உடையப் போகுதே' என்று நினைக்கக்கூட அவருக்கு நேரமில்லை. சும்மா இழுத்துக்கொண்டே போனால் அவரே மனதுக்குள் ஸ்டூலை உடைத்து முடித்துவிடுவார்.

நான் இருந்த ஒரு சிறு குழுவில் இதே சிக்கல் வந்தது. தவளை ஒன்று ஈயைப் பிடிக்க நாக்கை நீட்டும், ஈ தப்பிவிடும், நாக்கு சுவரில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய உடனே தவளை காலை உதறுகிறது, தலையை ஆட்டுகிறது, கண்ணை உருட்டுகிறது என்று எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வரைந்து வைத்திருந்தோம், அழகாக வேறு வரைந்திருந்தோம், ஒருவரும் சிரிக்கவில்லை. கடைசியில் உடலை அப்படியே நிறுத்திவிட்டு 16 ஃப்ரேம் எதுவும் செய்யாமல் விட்டோம். அப்புறம் கண்மணிகள் மட்டும் மெதுவாக நம் பக்கம் திரும்பும், ஒரே ஒரு முறை இமைக்கும், அவ்வளவுதான். முதல் முறை போட்டுக் காட்டியபோதே அறையில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். புதிதாக ஒரு கோடுகூட வரையவில்லை, வரைந்ததில் பாதியை எடுத்ததுதான் நாங்கள் செய்த வேலை.

இதையெல்லாம் முழு அனிமேஷன் செய்த பிறகு கண்டுபிடிப்பது பெரிய வேதனை. அதனால் உங்களிடம் ஒரு கேள்வி: அனிமேட்டிக் செய்தீர்களா? ஸ்டோரிபோர்டு படங்களை, அதாவது கதையைக் காட்சி காட்சியாக வரைந்த படங்களை, எடிட்டிங் டைம்லைனில் வரிசையாகப் போட்டு, உங்கள் குரலையே தற்காலிகமாகப் பதிந்து, 'டொம்', 'கிரீச்' சத்தங்களைச் சேர்த்து, படத்தின் உண்மையான நீளத்துக்கே ஓட விடுவதுதான் அனிமேட்டிக். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் அதைத் தாண்டிப் போய்விட்டீர்கள் என்று தோன்றுகிறது. மீதிப் பாதியைத் தொடாமல் நிறுத்திவிட்டு, இப்போதாவது முழுப் படத்துக்கும் ஒன்று செய்யுங்கள், குச்சி யானை போதும். கதை தெரியாத மூன்று பேரைத் தனித்தனியாக உட்காரவைத்துக் காட்டுங்கள். முன்கூட்டியே எதையும் விளக்காதீர்கள். அவர்கள் திரையைப் பார்க்கட்டும், நீங்கள் அவர்கள் முகத்தைப் பாருங்கள், எந்த விநாடியில் உதடு அசைந்தது, எந்த விநாடியில் கண் வேறு பக்கம் போனது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் ஐந்து பேரின் சிரிப்பை இனி நம்ப முடியாது. நாற்பதாவது முறை பார்க்கும்போது எந்த ஜோக்கும் செத்துத்தான் கிடக்கும், அந்தச் சலிப்பில் நல்ல காட்சியை வெட்டி எறிந்த குழுக்கள் உண்டு. அடுத்த படத்திலாவது முதல் நாள் யார் எங்கே சிரித்தார்கள் என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள், பின்னால் வெட்டத் தோன்றும்போது அந்தத் தாளை எடுத்துப் பார்க்கலாம்.

இன்னொன்று, யானையையும் ஸ்டூலையும் முழுக்கக் கறுப்பாக நிரப்பிப் பாருங்கள். வெறும் நிழலுருவத்தைப் பார்த்தே என்ன நடக்கிறது என்று புரிய வேண்டும். புரியவில்லை என்றால் கேமரா கோணம் தவறு. உட்காரும் இடத்தில் குளோசப் போட்டிருந்தால் தூக்கிவிடுங்கள், யானை எவ்வளவு பெரியது, ஸ்டூல் எவ்வளவு சின்னது என்பது ஒரே ஷாட்டில் தெரிந்தால்தான் இந்தக் கதைக்கே உயிர்.

கேள்வி: எங்கள் குழுவில் ஒரு அனிமேட்டர் தனக்குக் கொடுத்த ஷாட்டில் எல்லாம் புதுப்புது ஜோக் சேர்க்கிறார். நன்றாகவும் இருக்கிறது. ஆனால் இயக்குநருக்கும் அவருக்கும் தினமும் சண்டை. யார் பேச்சைக் கேட்பது?

பதில்: ஸ்டோரிபோர்டு முடியும்வரை எல்லோர் பேச்சையும் கேளுங்கள், வண்ணம் பூசுபவர் சொல்கிற யோசனை உட்பட. அனிமேட்டிக்கை இறுதி செய்த பிறகு டைமிங்கில் ஒருவர் சொல்தான் கடைசிச் சொல், அது இயக்குநர். இதில் நான் பிடிவாதக்காரன். ஒரு ஷாட்டில் பின்னணியில் நடக்கும் வேடிக்கை தனியாகப் பார்த்தால் பிரமாதமாக இருக்கும், படத்தில் வைத்தால் அடுத்த ஷாட்டில் வரப்போகிற பெரிய சிரிப்பைத் தின்றுவிடும், ஏனென்றால் பார்ப்பவர் கண் அங்கேயே நின்றுவிட்டது. அதற்காக அந்த அனிமேட்டரின் வாயை அடைத்துவிடாதீர்கள், அப்படிப்பட்ட ஆள் கிடைப்பது குழுவுக்கு அதிர்ஷ்டம். அவருடைய யோசனையை அரை மணி நேரத்தில் பென்சில் கிறுக்கலாக வரையச் சொல்லி, அனிமேட்டிக்கில் அதே இடத்தில் செருகி, முன்னும் பின்னும் இரண்டு ஷாட் சேர்த்து எல்லோரும் பாருங்கள். பெரும்பாலும் அவரே 'வேண்டாம்' என்பார், இல்லையென்றால் இயக்குநர் 'வைச்சுக்கலாம்' என்பார்.

வேலையைப் பிரிக்கும்போதும் ஒரு கவனம் வேண்டும். ஒரு ஜோக்கின் தொடக்கம் ஒருவரிடமும் முடிவு இன்னொருவரிடமும் போகக் கூடாது. நான்கு ஷாட்டானாலும் ஐந்து ஷாட்டானாலும் அந்தத் தொகுதி முழுக்க ஒருவர் கையில் இருந்தால் யானையின் பயம் ஒரே சீராக ஏறும். ஃபைல்களுக்கு 'கடைசி', 'உண்மையிலேயே கடைசி' என்றெல்லாம் பெயர் வைக்காமல் ஷாட் எண், பதிப்பு எண் இரண்டை மட்டும் வையுங்கள், பாதி சண்டை அதிலேயே குறையும்.

கேள்வி: எங்களிடம் இரண்டு கம்ப்யூட்டர்தான் இருக்கின்றன. மூன்று நிமிட 3டி படத்தை ரெண்டர் செய்ய எவ்வளவு நாள் ஒதுக்க வேண்டும்?

பதில்: ரெண்டர் என்பது ஒவ்வொரு ஃப்ரேமையும் கம்ப்யூட்டர் கணக்கிட்டு முழுமையான படமாக உருவாக்குவது, அதற்கு ஆகும் நேரத்தை நீங்களே கணக்குப் போடலாம். 180 விநாடி, விநாடிக்கு 24, ஆக 4,320 ஃப்ரேம். ஒரு ஃப்ரேமுக்கு 5 நிமிடம் ஆகிறது என்றால் 360 மணி நேரம், ஒரே கம்ப்யூட்டரில் 15 நாள், இரண்டில் ஏழரை நாள். திருத்தத்துக்காக மறுபடி ரெண்டர் செய்வது நிச்சயம் வரும், அதனால் இரண்டு மடங்காக ஒதுக்குங்கள். நேராக வீடியோவாக எடுக்காமல் ஒவ்வொரு ஃப்ரேமையும் தனிப் படமாகச் சேமியுங்கள், நடுவில் கம்ப்யூட்டர் நின்றுபோனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். மென்பொருளுக்குச் செலவு தேவையில்லை, பிளெண்டர் இலவசம். 2008-ல் பிளெண்டர் அமைப்பே 'பிக் பக் பன்னி' என்ற நகைச்சுவைக் குறும்படத்தை எடுத்து, அதன் தயாரிப்பு ஃபைல்களையும் எல்லோருக்கும் திறந்துவிட்டது. ஒரு காட்சியைத் திறந்து ஷாட்களை எப்படிப் பிரித்திருக்கிறார்கள் என்று ஒரு சாயங்காலம் உட்கார்ந்து பாருங்கள்.

கேள்வி: வசனம் வைக்கலாமா, வேண்டாமா?

பதில்: முதல் படம் என்றால் வேண்டாம். வைத்தே தீர வேண்டும் என்றால் குரலை முதலில் பதிவு செய்துவிட்டு, அதைக் கேட்டுக் கேட்டு அனிமேஷன் செய்யுங்கள். பேசுபவர்களை ஒரே அறையில் சேர்த்துப் பேசவிடுங்கள், ஒருவர் பேச்சில் இன்னொருவர் குறுக்கே விழுவதில் வருகிற சிரிப்பு, தனித்தனியாகப் பதிந்தால் கிடைக்காது.