வெளியாளுக்கு வேட்புமனு கெடைக்குமா?

இந்த முறை வந்த கடுதாசில பாதிக்கு மேல அமெரிக்கா கதை. நியூயோர்க்ல மம்தானி மேயரா வந்ததுல இருந்து நம்ம பொடியன்களுக்கு ஒரு தெம்பு வந்திருக்கு போல. சரி, உருளைக்கிழங்கு விலை பத்தி கேட்டவங்களுக்கு அடுத்த முறை சொல்றேன், கோவிச்சுக்காதீங்க.

கேள்வி (ஹட்டன், பல்கலைக்கழக மாணவர்): சேர், பேர்னி சாண்டர்ஸ் மாதிரி கட்சிக்கு வெளியில இருந்து வர்ற ஒரு முற்போக்கு ஆளு அமெரிக்காவுல ஜனாதிபதி வேட்பாளரா ஆக முடியுமா? ரெண்டு தடவை அவ்ளோ கூட்டம் வந்தும் கெடைக்கலயே, கட்சிக்காரங்க செஞ்ச சதிதானே?

பதில்: முடியும் தம்பி, ஆனா கூட்டத்தை வச்சு கணக்கு பார்த்தீங்கன்னா ஏமாந்து போவீங்க. சதி கதையை மொதல்ல பார்த்துடுவோம். 2016ல ஜனநாயகக் கட்சி ஆபீஸ் ஹிலரி கிளின்டன் பக்கம் சாஞ்சுதான் இருந்துச்சு, ஈமெயில் எல்லாம் வெளிய வந்து கட்சித் தலைவி பதவியை விட்டே போக வேண்டியதாச்சு, அதை யாரும் மறுக்க ஏலாது. ஆனா அங்க வேட்பாளரை மாநிலம் மாநிலமா கட்சித் தேர்தல் வச்சுத்தான் தெரிவு செய்யிறாங்க, அந்த ஓட்டை எண்ணிப் பாருங்க, ஹிலரிக்கு கிட்டத்தட்ட 1 கோடியே 69 இலட்சம், சாண்டர்ஸுக்கு 1 கோடியே 32 இலட்சம். இந்த இடைவெளியை ஈமெயில் போட்டு உண்டாக்க முடியாது.

எங்க தோட்டத்துல நடந்த ஒண்ணு சொல்றேன், சங்கம் எதுன்னு கேக்காதீங்க. தலைவர் தெரிவுக்கு ஒரு படிச்ச பொடியன் நின்னான், பெரட்டுக்களத்துல பேசினா இளசுங்க எல்லாம் வேலை முடிஞ்ச கையோட வந்து நிக்கும், சந்தாக் காசு எங்க போகுதுன்னு கணக்கு கேட்டான், நாங்களும் இவன்தான்னு நெனச்சோம். எதுத்து நின்னது நாலு பெரியவங்க, நாலு பேரும் ஒருத்தரை ஒருத்தர் வெட்டிக்கிட்டு இருந்தாங்க, அதனாலதான் பொடியன் முன்னுக்கு தெரிஞ்சான். தெரிவுக்கு மொத நாள் ராத்திரி ஒரு லயத்துல ப்ளேன் டீ குடிச்சாங்க, விடிஞ்சு பார்த்தா மூணு பேர் வாபஸ். அவ்ளோதான்.

2020ல நடந்தது அச்சு அசல் இதுதான். அயோவாவுல சாண்டர்ஸுக்கு ஓட்டு கூட, நியூ ஹாம்ப்ஷயர்ல மொதல், நெவாடாவுல 46 வீதத்துக்கு மேல. டீவிக்காரன் எல்லாம் இனி இவர்தான்னு சொல்லிட்டான். ஜோ பைடன் அயோவாவுல நாலாவது, நியூ ஹாம்ப்ஷயர்ல அஞ்சாவது, கதை முடிஞ்ச ஆளு. பிப்ரவரி 29 சனிக்கிழமை தென் கரோலினாவுல பைடன் ஜெயிச்சார். கூட போட்டி போட்டவங்கள்ல ஞாயிறு பீட் புட்டிஜெஜ் வெலகினார், திங்கள் ஏமி க்ளோபுச்சார் வெலகினார், அன்னிக்கு ராத்திரியே ரெண்டு பேரும் டெக்சாஸுக்குப் போய் பைடனுக்கு ஆதரவுன்னு சொல்லிட்டாங்க, செவ்வாய்க்கிழமை 14 மாநிலத்துல ஓட்டு, அதுல 10 பைடனுக்கு. அதுல ஒண்ணு மாசசூசெட்ஸ், அங்க அவர் பிரசாரத்துக்குக்கூட போகல. மூணு நாளு தம்பி! ஏப்ரல் 8 சாண்டர்ஸும் வெலகிட்டார்.

இதை சதின்னும் சொல்லலாம், ஒத்துமைன்னும் சொல்லலாம், நீங்க எந்தப் பக்கம் நிக்கிறீங்கங்கிறதைப் பொறுத்தது. நான் சொல்றது என்னன்னா, வெளியாளு ஜெயிக்கிறது உள்ளாளுங்க அடிச்சிக்கிற வரைக்கும்தான், அவங்க சேர்ந்தப்புறம் தாங்கணும்னா கையில பாதிக்கு மேல சனம் இருக்கணும். 2020ல சாண்டர்ஸ் கையில அந்தப் பாதி இல்ல, நல்லா போன எடத்துலயும் பாதிக்கு கிட்டதான்.

இன்னொரு பக்கத்தைப் பாருங்க. ட்ரம்ப் 2016ல வந்தது இதே வெளியாளுங்கிற கதவு வழியாத்தானே? குடியரசுக் கட்சியில 17 பேர் நின்னாங்க, யாரும் நேரத்துக்கு வெலகல, அதோட அவங்க சட்டமும் வேற. தென் கரோலினாவுல ட்ரம்ப் எடுத்தது 32 வீதம் சொச்சம், ஆனா கட்சி மாநாட்டுல வேட்பாளரைத் தெரிவு செய்யிற பேராளர்ல அந்த மாநிலத்து 50 பேரும் அவருக்கே. ஜனநாயகக் கட்சியில அப்படி இல்ல, 15 வீதம் தாண்டின எல்லாருக்கும் பங்கு பிரிச்சுக் குடுப்பாங்க, அதனால முன்னுக்கு ஓடுறவர் தப்பிச்சு ஓடவே முடியாது. நியாயமான சட்டம்தான், வெளியாளுக்கு பாதகமான நியாயம்.

ஆனா எனக்கு முக்கியமா படறது தென் கரோலினாவுல ஓட்டுப் போட்ட வயசான கறுப்பின சனம்தான். 2016ல அங்க ஹிலரிக்கு 73, சாண்டர்ஸுக்கு 26. அவர் பேசினது எல்லாம் அவங்களுக்குத்தானே, வைத்தியம் இலவசம், சம்பளம் கூட, அப்புறம் ஏன் போடலன்னு கேக்கிறவங்க எங்க அம்மாவைப் பார்த்திருக்கணும். கடைசி வரைக்கும் தொழிலாளர் காங்கிரஸோட சேவலைத் தவிர வேற சின்னத்தை தொடல. 48ல பிரஜாவுரிமை போனது, 64ல சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்துல எங்க சனத்தை கொத்துக் கொத்தா பிரிச்சு கப்பல் ஏத்தினது எல்லாம் பார்த்த மனுசி, அப்ப யாரு கூட நின்னாங்கன்னுதான் கேப்பாங்க, இப்ப யாரு நல்லா பேசுறான்னு இல்ல. அதே 64ல அமெரிக்காவுல சிவில் உரிமைச் சட்டம், 65ல வாக்குரிமைச் சட்டம், ரெண்டையும் கையெழுத்து வச்சது ஜனநாயகக் கட்சி ஜனாதிபதி ஜோன்சன். தோத்தா மொத அடி விழுறது தங்க முதுகுலன்னு தெரிஞ்ச சனம் புதுசை சோதிச்சுப் பார்க்காது. வெள்ளைக்கார காலேஜ் பொடியனுக்கு தோல்வின்னா ஒரு வாரம் கவலை. இதை சாண்டர்ஸ் ஆளுங்க அறிவில்லாத ஓட்டுன்னு பேசினப்ப எனக்கு கோவம் வந்துச்சு, அப்படிப் பேசுறவன் எங்க லயத்துப் பக்கமும் வந்திருக்கான்.

முடியும்னு சொன்னேனே, ஆதாரம் 1972. மெக்கவர்ன் வியட்நாம் யுத்தம் வேணாம்னு சொன்னவர், பெரிய ஆளுங்களுக்குப் பிடிக்காதவர், வேட்புமனுவை எடுத்துட்டார். எப்படி? 1968ல அப்ப துணை ஜனாதிபதியா இருந்த ஹம்ப்ரி ஒரு மாநிலத்துத் தேர்தல்லயும் நிக்காம வேட்பாளரானதுல கலவரமே வந்து, சட்டத்தை மாத்த ஒரு குழு போட்டாங்க, அந்தக் குழுவுக்கு மொத தலைவர் யாருன்னா மெக்கவர்னே! அப்புறம் நிக்சன்கிட்ட 49 மாநிலத்துல தோத்தது வேற கதை, ஆனா அந்தப் பயம் இன்னும் அந்தக் கட்சியை விட்டுப் போகல.

கேள்வி (தலவாக்கலை): சூப்பர் பேராளர்னா யாரு?

பதில்: அந்தப் பயத்துல பொறந்தவங்கதான். எம்பிமார், ஆளுநர்மார், கட்சிப் பெரியவங்க, யாருகிட்டயும் ஓட்டு வாங்காம மாநாட்டுல தானா ஓட்டுப் போடலாம்னு 1982ல முடிவு பண்ணி 84ல இருந்து நடைமுறை. சாண்டர்ஸ் ஆளுங்க கத்தின கத்துல 2018ல மாத்திட்டாங்க, மொத சுத்துல முடிவு இழுபறியா இருந்தா இப்ப அவங்களுக்கு ஓட்டு இல்ல. தோத்தவர் சாதிச்சது அது.

கேள்வி (பண்டாரவளை): ஏன் கட்சியைக் கெஞ்சணும்? நம்ம அனுர 2019ல 3 வீதம் எடுத்து 2024ல ஜனாதிபதி ஆகலயா? தனியா நிக்கலாமே?

பதில்: அனுர வெளியாளுன்னு முழுசா சொல்ல ஏலாது, 2004லயே விவசாய அமைச்சரா இருந்தவர், கட்சியும் சொந்தக் கட்சி. அதோட நம்ம சீட்டுல ரெண்டாவது, மூணாவது விருப்பு போடலாம், 2024ல மொத எண்ணிக்கையில யாருக்கும் 50 வராம அதை எண்ணித்தான் முடிவு சொன்னாங்க. அமெரிக்காவுல ஜனாதிபதி தேர்தல்ல அநேகமான மாநிலத்துல அது இல்ல, மாநிலத்துல ஒரு ஓட்டு கூட எடுத்தவர் அந்த மாநிலத்தையே அள்ளிட்டுப் போவார், இப்படி மாநிலங்களுக்குன்னு இருக்கிற தேர்வாளர் ஓட்டு மொத்தம் 538ல 270 வேணும். 2000ல புளோரிடாவுல ரால்ஃப் நேடர் பசுமைக் கட்சியில நின்னு 97 ஆயிரம் எடுத்தார், அங்க குடியரசுக் கட்சி புஷ் ஜெயிச்சது 537 ஓட்டுல. அந்தக் கோவத்துல ஜனநாயகக் கட்சிக்காரங்க இன்னமும் நேடரைத் திட்டுறாங்க. சாண்டர்ஸ் செனட்ல சுயேச்சையா இருந்துக்கிட்டே ஜனாதிபதிக்கு மட்டும் ஜனநாயகக் கட்சி வாசல்ல வந்து நின்னது அதனாலதான்.

கேள்வி (மஸ்கெலியா): அப்ப மம்தானி நிக்கலாமே?

பதில்: நிக்கவே முடியாது. அவர் பொறந்தது உகண்டாவுல கம்பாலா, பிரஜாவுரிமை கெடைச்சது 2018ல, பொறப்புலயே அமெரிக்கனா இருக்கணும்னு அவங்க யாப்புல இருக்கு. எங்க பொறந்தேங்கிற கடதாசி ஒரு மனுசனை எங்க நிறுத்தும்னு நம்ம சனத்துக்கு நான் சொல்லித் தரணுமா? ஆனா அவர் 2025 ஜூன்ல முன்னாள் ஆளுநர் குவோமோவைத் தோக்கடிச்ச கட்சித் தேர்தல்ல நியூயோர்க்காரங்க நம்ம மாதிரி விருப்பு வரிசை போட்டாங்க, அவரும் இன்னொரு வேட்பாளர் பிராட் லேண்டரும் என்னை ஒண்ணுன்னு போடு அவரை ரெண்டுன்னு போடுன்னு ஒருத்தருக்கொருத்தர் கேட்டுக்கிட்டாங்க. கடைசி ராத்திரி ப்ளேன் டீக்கு வெளியாளும் போகலாம்னு காட்டினவர் அவர்தான்.

கேள்வி (நோர்வூட், ஒரு அம்மா): மகன் ஏஎல் எழுதணும், ராப்பகலா போன்ல அமெரிக்கா எலெக்‌ஷன் பேச்சுதான் கேக்கிறான். என்ன செய்ய?

பதில்: கேக்கட்டும் அக்கா, இங்கிலீஷாவது வரும். ஒண்ணு மட்டும் சொல்லுங்க, 2016ல நியூயோர்க்ல கட்சி மாத்திப் பதியிற கடைசி நாளைத் தவறவிட்டு ட்ரம்போட சொந்த மகனும் மகளுமே கட்சித் தேர்தல்ல அப்பனுக்கு ஓட்டுப் போட முடியாம நின்னாங்க. உங்க மகனுக்கு 18 முடிஞ்சிருந்தா போனை வச்சிட்டு கிராம சேவகர்கிட்டப் போய் இடாப்புல பேர் இருக்கான்னு பார்த்துட்டு வரச் சொல்லுங்க, பஸ் காசு நீங்க குடுங்க.